மச்சானுக்கு ஆங்கிலத்தில் என்ன?

கிண்ணியா ஸல்ஹா ஆங்கிலப் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டவள். இலக்கணப் பகுதியில் எப்படியோ தட்டுத்தடுமாறிக் கரையேறிவிடுவாள். ‘கீழ்வரும் தலைப்புகளில் ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதுக’ என்ற இடம் வந்ததும் அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

முதல் தடவை ஹஜ்ஜுப் பெருநாள் பற்றிய கட்டுரை ஒன்றைப் பாடமாக்கிக்கொண்டு போனாள். முற்றுப்புள்ளி, காற்புள்ளி உட்பட நெட்டுரு. வினாத்தாளில் வந்ததோ சுற்றாடலைப் பாதுகாத்தல். அவள் சளைக்கவில்லை. ‘பெருநாளன்று நாங்கள் சுற்றாடலைச் சுத்தமாக வைத்திருப்போம்’ என்று ஒரு வரியை முன்னால் போட்டுவிட்டு, மிச்சத்துக்குப் புரியாணியும் புத்தாடையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த தடவை சுற்றாடலைப் பாடமாக்கினாள். வந்தது, உங்கள் ஊர்ப் பண்டிகை ஒன்று. பாடமாக்கிய பெருநாள் அதற்குள் மறந்துபோயிருந்தது. இதற்கு யாரை நோவது?

இந்த வயதில் இவளுக்கு என்ன பரீட்சை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். ஊரில் உள்ள முன்பள்ளி ஒன்றில் ஸல்ஹா வருடக்கணக்காக உதவி ஆசிரியை. காலையில் அழுதுகொண்டு வருகிற பிள்ளைகளை அவள்தான் வாசலில் வாங்குவாள். மூக்குத் துடைப்பது, பாட்டுச் சொல்லிக் கொடுப்பது, ஒருவரையொருவர் கடித்துக்கொள்கிறவர்களைப் பிரித்து வைப்பது எல்லாம் அவள் பாடு. பொறுப்பாசிரியை விலகப் போகிறார் என்றதும் அந்த இடம் ஸல்ஹாவுக்குத்தான் என்று பெற்றோர்கூடப் பேசிக்கொண்டார்கள். முன்பள்ளியை நடத்துகிற ஸெய்னுதீன் ஹாஜியார் மட்டும் தாடியைத் தடவினார்.

“புள்ள, ஒனக்குத்தான் தர விருப்பம். ஆனா இங்கிலீஸ் பாஸ் இல்லாட்டி கமிட்டில உள்ள மத்தவங்க ஒத்துக்கொள்ள மாட்டாங்க. இந்த முறயும் இல்லெண்டா நான் வேற ஆளத்தான் போடணும்” என்றார்.

வேறு ஆள் வரலாம். நேற்றுப் பள்ளிக்கூடம் விட்ட ஒருத்தி வந்து கதிரையில் இருந்துகொண்டு, “ஸல்ஹா, அந்தப் பிள்ளையக் கழுவி விடுங்க” என்று சொல்லலாம். அதை மட்டும் அவளால் பொறுக்க முடியாது. ஆகவே இந்தத் தடவை பாடமாக்கும் வேலையை விட்டுவிட்டு, சனிக்கிழமைகளில் பஸ் ஏறித் திருகோணமலை லிங்கநகருக்கு, நிரோஜினி மிஸ்ஸின் வகுப்புக்குப் போகத் தொடங்கினாள்.

நிரோஜினி ஸல்ஹாவைவிட இளையவள். தன் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டு, வேலைக்குப் போகிற பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தாள். முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள்.

“பாடமாக்கினதெல்லாத்தையும் மறந்து போடுங்கோ. உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதுங்கோ. நல்லவர், அன்பானவர் எண்டு சும்மா அடுக்காதேங்கோ. அவர் என்ன செய்தவர்? ஒரு நாள், ஒரு இடம், ஒரு செயல். உதாரணம் இல்லாட்டி அது கட்டுரை இல்லை.”

உனக்குத் தெரிந்ததை எழுது என்று ஸல்ஹாவிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. தெரிந்ததை எழுத எதற்குப் பரீட்சை என்று அவளுக்குக் குழப்பமாக இருந்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்து, ‘என் குடும்பம்’ என்ற தலைப்பில் தெரிந்ததை எழுதினாள். தெரியாத சொற்களைக் கைத்தொலைபேசியில் தேடி எடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை நிரோஜினி கட்டுரைகளைத் திருத்திக்கொண்டே வந்தவள், ஸல்ஹாவின் தாளைப் பார்த்து முகம் மலர்ந்தாள். எழுத்து அழகு, வசனமும் அவ்வளவு மோசமில்லை. எல்லாருக்கும் கேட்கட்டும் என்று உரத்து வாசிக்கத் தொடங்கினாள்.

“மை பிரதர் இன் லோ இஸ் எ வெரி குட் மேன்.”

மைத்துனர் மிக நல்லவர். நல்லது. அடுத்த வரியில் மைத்துனர் அவளைத் தினமும் சுபஹுத் தொழுகைக்கு எழுப்பினார். அதற்கடுத்த வரியில் அவருக்கு அவள் தேநீர் போட்டாள். பிறகு, எனக்கும் என் மைத்துனருக்கும் இரண்டு பிள்ளைகள் என்று வந்தது. நிரோஜினி நிறுத்திவிட்டாள். வகுப்பில் இருந்த பொலிஸ்காரர் தன் சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். தாதிப் பெண் ஒருத்தி அவசரமாகப் பேனை மூடியைத் தேடினாள்.

“மிச்சத்தைப் பிறகு பாப்பம்” என்று நிரோஜினி தாளை மடித்து வைத்தாள். ஸல்ஹா பேந்தப் பேந்த விழித்தாள். அப்படி என்ன இலக்கணப் பிழை விட்டுவிட்டோம் என்று அவளுக்கு விளங்கவில்லை.

வகுப்பு முடிந்து மற்றவர்கள் போனதும் நிரோஜினி கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

“அக்கா, கோவிக்காதேங்கோ. இதில நீங்கள் எழுதின ஆள் ஆர்?”

“எங்கட மச்சான் மிஸ்.”

“அவர் உங்கட வீட்டிலதான் இருக்கிறவரோ?”

“பின்ன? வேற எங்க மிஸ் இரிக்க?”

“அப்ப... உங்கட அவர்?”

“எவர்?”

“உங்களைக் கட்டின மனுசன், அக்கா.”

“அவர்தான் மிஸ் இவர்!”

நிரோஜினிக்குச் சிரிப்பு வந்த வேகத்தில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்க வேண்டியதாயிற்று. கிண்ணியாவில் மனைவி கணவனை மச்சான் என்றுதான் கூப்பிடுவாள். பெயர் சொல்வது மரியாதையில்லை. புருஷன் என்ற சொல் கடுதாசிகளுக்கும் சண்டைகளுக்கும் உரியது. ஸல்ஹா கைத்தொலைபேசியில் மச்சானைப் போட்டாள், அது பிரதர் இன் லோவைத் துப்பியது. அதற்கு என்ன தெரியும் பாவம்.

“எங்கட பக்கத்தில மச்சான் எண்டா அக்கான்ர மனுசன், இல்லாட்டி மாமான்ர மகன். நான் பயந்தே போனன்” என்றாள் நிரோஜினி. “ஹஸ்பன்ட் எண்டு எழுதுங்கோ அக்கா. சோதிக்கிற ஆள் கொழும்பிலயோ கண்டியிலயோ இருப்பார். அவருக்கு உங்கட ஊர் வழக்கம் தெரியாது.”

இந்த ஆங்கிலத்தின் கூத்தைப் பாருங்கள். மாமா, சித்தப்பா, பெரியப்பா, பக்கத்து வீட்டுக்காரர், பஸ் கொண்டக்டர் எல்லாரையும் ஒரே ‘அங்கிள்’ என்று அள்ளிக் கட்டிவிடும். மச்சான் என்ற ஒரு சொல்லுக்கு மட்டும், இவர் யார், கட்டியவரா, கட்டியவரின் உடன்பிறப்பா என்று ஆயிரம் விசாரணை வைக்கும்.

அன்று பின்னேரம் ஸல்ஹா சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள். கணவன் ஸப்வான் மேசன் வேலை முடித்து, கையெல்லாம் சீமெந்தோடு குசினி வாசலில் நின்றான். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். பொலிஸ்காரர் சப்பாத்தைப் பார்த்த கட்டம் வந்தபோது ஸப்வான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“இரி, இரி. அந்த பிரதர் இன் லோ எண்டா சரியா ஆரு?” என்று கேட்டான்.

“மிஸ் சொன்னா, ராத்தாட மாப்புள, தங்கச்சிட மாப்புள, பொறகு மாப்புளட காக்கா, தம்பி...”

தம்பி என்ற சொல் வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஸப்வானின் சிரிப்பு பாதியில் நின்றது.

“அப்ப நீ எழுதினதுல என்ன பிழ? சரிதானே” என்று சொல்லிவிட்டு அவன் கை கழுவப் போனான்.

அது பகிடியா, மனத்தாங்கலா என்று ஸல்ஹாவுக்குப் பிடிபடவில்லை. தேநீர் ஆறும்வரை கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். ஏனென்றால் அவன் சொன்னது உண்மை.

ஸல்ஹா முதலில் கட்டியது ஸப்வானை அல்ல. அவனுடைய காக்காவை, அதாவது அண்ணன் றுமைஸை. கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலம் அது. றுமைஸ் தம்பலகாமத்து வயல்களுக்கு உழவு இயந்திரம் ஓட்டினான். கல்யாணம் முடித்து ஒரு வருடம் நிறையவில்லை, வாய்க்கால் வரம்பில் உழவு இயந்திரம் புரண்டு அதன் அடியில் போய்விட்டான். ஸல்ஹா விதவைக்குரிய நாலு மாதம் பத்து நாளும் வீட்டோடு இத்தா இருந்தாள். இத்தா முடிந்து சில மாதங்களில் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடிக் கதைத்து, தம்பிக்கே முடித்து வைப்பது என்று தீர்மானித்தார்கள். அவளிடம் கேட்டார்கள், அவள் தலையாட்டினாள். ஸப்வானிடம் யாராவது சரியாகக் கேட்டார்களா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

நிக்காஹ் முடிந்த மறுநாள் காலையில், “மச்சான், தேத்தண்ணி” என்றாள். கணவனின் தம்பியாக இருந்தபோதும் அவனை மச்சான் என்றுதான் கூப்பிட்டிருந்தாள். றுமைஸையும் அப்படித்தான் கூப்பிட்டிருந்தாள். வீட்டில் ஒரு சொல்லும் மாறவில்லை. அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு பேரும் சத்தமில்லாமல் இருந்துவிட்டார்கள், யாரும் யாரையும் பிரித்துப் பார்க்கச் சொல்லவில்லை. ஸப்வான் காக்காவைப் பற்றிக் கதைப்பதில்லை. கதைத்தால் அவள் மனம் நோகும் என்று அவன் நினைத்தான். அவளும் கதைப்பதில்லை. கதைத்தால் அவன் மனம் நோகும் என்று அவள் நினைத்தாள்.

இப்போது இந்த ஆங்கிலம் வந்து நடுவில் நின்றுகொண்டு, எது யார் என்று பிரித்துச் சொல் என்கிறது.

அதன் பிறகு ஸல்ஹா ஹஸ்பன்ட் என்று எழுதப் போகும் போதெல்லாம் பேனை தயங்கியது. ஒரு சனிக்கிழமை நிரோஜினியிடம் மெல்லக் கேட்டாள்.

“மிஸ், மவுத்தான மாப்புளய இங்கிலீசில எப்பிடி எழுதுற?”

இறந்துபோன கணவனைக் கேட்கிறாள் என்று விளங்கியதும் நிரோஜினி தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டினாள். “லேட் ஹஸ்பன்ட் எண்டு எழுதிறது, அக்கா” என்றாள்.

லேட் என்றால் பிந்தி வருவது என்றுதான் ஸல்ஹா படித்திருந்தாள். பஸ் லேட், சம்பளம் லேட். பிந்தி வந்த மாப்பிள்ளை என்றால் அது ஸப்வான் அல்லவா? முந்தி வந்து முந்திப் போனவனை லேட் என்கிறார்கள், பிந்தி வந்து இன்னும் இருக்கிறவனுக்கு ஒன்றுமில்லை. பஸ்ஸில் வீடு வரும்வரை இதை நினைத்து அவளுக்கு மண்டை காய்ந்தது.

பரீட்சை நாள் வந்தது. ஸப்வான் வேலைக்குப் போகாமல் மோட்டார் சைக்கிளில் அவளை நகரத்துக்குக் கொண்டுபோய் மண்டப வாசலில் இறக்கினான். “அவதிப்படாத, வடிவா வாசிச்சிட்டு எழுது” என்றான். இலக்கணம் வழக்கம்போல ஒரு மாதிரி ஓடியது. கட்டுரைப் பக்கத்தைப் பிஸ்மில்லாஹ் சொல்லித் திருப்பினாள். மூன்று தலைப்புகள். சமூக ஊடகங்களின் நன்மை தீமைகள். உங்கள் மாவட்டத்துக்குச் சுற்றுலாப் பயணிகளை வரவழைப்பது எப்படி. நான் ஒருபோதும் மறக்க முடியாத ஒருவர்.

முதலாவதைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது தீமை மட்டும். இரண்டாவதற்கு, அவர்கள்தான் கூப்பிடாமலே வருகிறார்களே என்பதைத் தவிர எழுத ஒன்றுமில்லை. மூன்றாவது மிஞ்சியது. மறக்க முடியாதவர் என்றால் இல்லாமற் போனவரைத்தானே சொல்வார்கள்? பக்கத்தில் இருக்கிறவரை மறப்பது எப்படி? அவள் துணிந்து, ‘மை லேட் ஹஸ்பன்ட்’ என்று தொடங்கினாள். அவர் ஒரு நல்ல மனிதர் என்று எழுதினாள்.

இனி உதாரணம் வேண்டும். ஒரு நாள், ஒரு இடம், ஒரு செயல்.

மழையில் கிளினிக் வாசலில் குடையோடு காத்து நின்றது ஞாபகம் வந்தது. சந்தோஷமாக எழுதப் போனவள் நிறுத்தினாள். கிளினிக்குக்குப் போனது பிள்ளை வயிற்றில் இருந்தபோது. அது ஸப்வான். காய்ச்சலில் கிடந்தபோது கொத்தமல்லி அவித்துத் தந்த கை ஞாபகம் வந்தது. அப்போது பக்கத்தில் மகள் அழுதுகொண்டிருந்தாள். அதுவும் ஸப்வான். பெருநாளுக்கு நிறம் தெரியாமல் கண்ணைப் பறிக்கிற மஞ்சளில் சாரி வாங்கி வந்து திட்டு வாங்கியது? ஸப்வானேதான். எந்தக் கதவைத் திறந்தாலும் அவன்தான் நின்றான்.

றுமைஸுக்கு என்ன இருக்கிறது? கல்யாணப் படத்தில் உள்ள முகம். ஒழுங்கையில் திரும்புகிற உழவு இயந்திரத்தின் சத்தம். தேநீருக்குச் சீனி கூடப் போடச் சொல்வான், ஆனால் அந்த வீட்டில் எல்லாருமே அப்படித்தான். அவனை மறக்கவில்லை, மறக்கவில்லை என்று இத்தனை வருடமும் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாளே தவிர, ஒரு கட்டுரைக்குக் காணுகிற அளவுகூட அவனை வைத்திருக்கவில்லை. ஸல்ஹாவுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடத் துக்கமாக இருந்தது. முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் பாதை ஞாபகம் வந்தது. பாலம் வரும் முன்பு கிண்ணியாத் துறையில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு போகிற மிதவையைப் பாதை என்பார்கள். அதன் மேல்தட்டில் நிழல் கிடையாது. சாய்ந்த பின்னேர வெயிலில் அவள் நின்றாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மெல்ல நகர்ந்து வந்து வெயிலுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றான். பாதை திரும்பியது, வெயிலும் திரும்பியது. அவனும் சுற்றி வந்து மறுபடி நடுவில் நின்றான். கரை சேரும்வரை அவனுடைய நிழல் அவள் மேல் இருந்தது.

சரி, யார் அது?

பாதை ஓடிய காலத்தில் றுமைஸும் கணவனாக இருந்தான், பிறகு ஸப்வானும் இருந்தான். அவள் கண்ணை மூடிப் பார்த்தாள். வெயில் பின்னால் இருந்ததால் முகம் கறுப்பாகத்தான் தெரிந்தது. ஒரு தடவை மூத்தவன் போல இருந்தது, மறு தடவை இளையவன் போல இருந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ‘லேட்’ என்ற சொல்லை மட்டும் ஒரு கோடு போட்டு வெட்டினாள். மை ஹஸ்பன்ட் மிஞ்சியது. அதோடு விட்டுவிட்டு, வெயில், தண்ணீர், நிழல், சுற்றிச் சுற்றி வந்து நின்ற மனிதன் எல்லாவற்றையும் எழுதினாள். எல்லாம் சின்னச் சின்னச் சொற்கள், அவளுக்குத் தெரிந்த சொற்கள். முடிவில் ஒருவரும் சொல்லிக் கொடுக்காத ஒரு கருத்தையும் எழுதினாள். சிலர் செய்ததைச் சொல்வதில்லை, அதனால் நாங்கள்தான் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். எழுதி முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

முடிவு தெரியாமல் உங்களைத் தவிக்க விடுவதில் எனக்கு விருப்பமில்லை. ஸல்ஹா அந்தப் பரீட்சையில் தேறினாள். பெரிய புள்ளி ஒன்றுமில்லை, சாதாரணத் தேர்ச்சி. ஹாஜியார் சொன்ன சொல் தவறாமல் முன்பள்ளிச் சாவியைக் கொடுத்தார். அது பிறகு நடந்தது. பரீட்சையன்று அவள் மண்டபத்தை விட்டு வந்தபோது தேறுவோம் என்ற நினைப்பே அவளுக்கு இருக்கவில்லை.

வாசலில் காத்து நின்ற ஸப்வான் அவளை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினான். பாலம் தெரிகிற இடம் வந்ததும் தலையைச் சற்றுத் திருப்பினான்.

“கட்டுர என்ன வந்த?”

“மறக்க ஏலாத ஒராள்.”

“ஆர எழுதின?”

“மச்சானப் பத்தித்தான்.”

மோட்டார் சைக்கிள் மெதுவாயிற்று. பாலத்தில் ஏறும் முன்பே அவன் அதை ஓரமாக நிறுத்தினான். திரும்பிப் பார்க்காமல் கேட்டான்.

“எந்த மச்சான்?”

இத்தனை வருடத்தில் அவன் அதைக் கேட்டதே இல்லை. ஸல்ஹா இறங்கி அவனுக்கு முன்னால் வந்தாள். பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை, உண்மையோ அவளுக்கே தெரியாது.

“தெரியா மச்சான். காக்காவ எழுதத்தான் தொடங்கினன். எழுத ஒண்டுமே வருகுதில்ல. எல்லாத்துக்கும் நீங்கதான் வாறீங்க. பாவம் அவர், அவருக்கெண்டு ஒண்டையும் நான் வெச்சிருக்கல்ல.” அவள் முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள். “பொறகு பாதையில வெயிலுக்கு மறைவா நிண்டத எழுதினன். அது நீங்களா, அவரா?”

ஸப்வான் பாலத்துக்கு அடியில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தான். நெடுநேரம் யோசிக்கவில்லை.

“அது காக்கா” என்றான். “நீ கலியாணம் முடிச்ச புதுசு. மூணு பேரும் டவுணுக்குப் பொயித்து வந்தம். நான் மத்தப் பக்கத்தில நிண்டனான். அவர் சுத்திச் சுத்தி வந்து நிக்கிறதப் பாத்து எனக்குச் சிரிப்பு.”

“இல்ல மச்சான். நீங்க நிண்ட மாதிரியும் ஞாபகம் இரிக்கி.”

“ஓம். நானும் நிண்டனான், பொறகு.” அவன் கைப்பிடியில் காய்ந்திருந்த சீமெந்தை நகத்தால் சுரண்டினான். “ஒன்ன எப்பிடி வெச்சிப் பாக்குறதெண்டு எனக்கு என்ன தெரியும்? ஆருட்டக் கேக்க? காக்கா செஞ்சதா எனக்கு ஞாபகம் இருந்ததயெல்லாம் நானும் செஞ்சன். குட புடிச்சது, கொத்தமல்லி அவிச்சது எல்லாம் அவருட்டப் பாத்ததுதான்.”

ஸல்ஹா ரோட்டோரத்தில் நின்று, போகிற வருகிறவர்கள் பார்ப்பார்களே என்றுகூட நினைக்காமல், வாய்விட்டு அழுதாள். ஸப்வான் என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தான்.

“அழாத புள்ள” என்றான். “இந்த முற பாஸ்தான்.”